நெய் மணத்த லாகர்

றெனோல்ட் வீட்டு பேஸ்மென்டில் தமிழ்க் கடைக்காரர் வருட முடிவில் கொடுக்கும் பெரிய நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. அதில் பூசைகளும் திருநாட்களும் பேனையால் எழுதப்பட்டிருக்கும். பியர் காய்ச்சும் நாட்கள் பென்சிலால். பென்சிலை அழிக்கலாம், பேனையை அழிக்க முடியாது. அடுத்து எந்தப் பியர் என்ற பேச்சு வந்தால் அவர் முதலில் பேனை எழுத்தைப் பார்ப்பார், அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார். ஓகஸ்ற் மாதா திருநாளுக்குக் கோதுமை பியர் என்றால் ஜூலை இருபதுக்குள் அடுப்பேற்ற வேண்டும். நத்தாருக்குக் கறுப்பு பியர் என்றால் ஒக்டோபர் முடிவதற்குள். இதில் அவர் ஒருபோதும் பிந்தியதில்லை.

அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. மன்னாரில் பிறந்தவர், கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் ஒரு இரட்டை வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். கோட்-டெ-நெய்ஜில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும் பகுதியில் பத்தொன்பது வருடமாக வேலை. ஒவ்வொரு தட்டோடும் ஒரு சிறு காகிதப் பட்டி உள்ளே போகும். அதன் நிறம் மாறியிருந்தால்தான் தட்டு வெளியே போகலாம். நிறம் பாதி மாறியிருந்தால் போகாது, மறுபடி முதலிலிருந்து. அந்த வேலையைப் பத்தொன்பது வருடம் செய்த ஒருவர் வீட்டில் பியர் காய்ச்சினால் எப்படிக் காய்ச்சுவார் என்று ஊகிக்கலாம். கழுவ ஐந்து மணித்தியாலம், காய்ச்ச நான்கு.

யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன், வேலையை விட்டுப் போன ஒரு சிநேகிதன் ஒரு பானையையும் கண்ணாடிக் குடத்தையும் அவரிடம் தள்ளிவிட்டுப் போனான். முதல் பியர் புளித்தது. இரண்டாவது அதைவிடப் புளித்தது. பிறகு நூலகத்தில் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் எடுத்தார். மூன்று தடவை தவணை நீட்டிய பிறகு, நாலாம் தடவை கேட்க வெட்கப்பட்டு, சொந்தமாக ஒன்று வாங்கினார். அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் இன்று அச்செழுத்தைவிடக் கையெழுத்து அதிகம்.

நகரத்தின் வடக்கே, முன்பு தையல் தொழிற்சாலையாக இருந்த ஒரு கட்டடத்தில், ஜொஸ்லின் என்ற பெண் சிறிய பியர் ஆலை ஒன்று நடத்துகிறார். வருடத்துக்கு ஒரு தடவை, வீட்டில் காய்ச்சுகிறவர்களில் ஒருவருடைய பியரைத் தேர்ந்தெடுத்து, தன் ஆயிரம் லீற்றர் தொட்டியில் காய்ச்சிக் கோடைக்கு விற்பார். இந்த வருடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டான். தேர்ந்தெடுக்கப்படுகிறவருக்கு விருப்பமென்றால் சனிக்கிழமைகளில் அந்த இடமும் கிடைக்கும். இம்முறை அவர் கேட்டது லாகர், குளிரில் வைத்து மெல்லப் பழுக்கவிடும் பியர். ஏப்ரல் பத்தொன்பதாம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு ஆறு போத்தலோடு வரவேண்டும்.

றெனோல்டுக்கு அந்தச் சனிக்கிழமைகள் வேண்டும். இருபத்துமூன்று லீற்றர் குடத்தோடு ஒன்பது வருடம் நின்றவருக்கு ஆயிரம் லீற்றர் தொட்டியின் முன் ஒருநாளாவது நிற்க வேண்டும் என்பது பெரிய ஆசையில்லை. ஆனால் அவருக்கு வேறு ஆசையும் இருக்கவில்லை. தன்னால் முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் நாட்காட்டியில் இருந்தது.

மார்ச் ஐந்து விபூதிப் புதன், ஏப்ரல் இருபது உயிர்த்த ஞாயிறு. இடையில் நோன்பிருக்கும் தபசுகாலம். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து தபசுகாலத்தில் றெனோல்ட் மது தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் கணக்கில் சேராது என்று பங்கில் சிலர் சொல்வதுண்டு. அவர் ஞாயிறையும் சேர்த்தே எண்ணுபவர். லாகரோ ஆறேழு கிழமை பிடிக்கும் பியர். அது தபசுகாலத்துக்குள்ளேயே வளர்ந்து, போத்தலுக்குப் போகவேண்டியிருந்தது. இதுவரை அவர் லாகர் காய்ச்சியது தபசுகாலத்துக்கு முந்திய மாரிக் குளிரில் மட்டுந்தான். முதல் தடவையாக, தன் பியரைத் தானே ஒரு சொட்டும் ருசி பார்க்காமல் முடிக்க வேண்டும்.

குணரத்தினம் அண்ணை இதைக் கேட்டுச் சிரித்தார். பியர் காய்ச்சுவதில் றெனோல்டின் சிநேகிதரான அவர் இல்-பிசார் தீவில் இருக்கிறார். நகரப் பேருந்துகளைத் திருத்தும் இடத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கராஜ் நிறையக் குழாயும் பானையுமாக வைத்து, கைக்கு வந்ததைக் கலந்து காய்ச்சுகிறவர். யாழ்ப்பாணத்துச் சைவர், விரதங்களை மனைவி பாலாம்பிகையிடம் ஒப்படைத்துவிட்டவர். வாயில் வைத்துவிட்டுத் துப்பினால் குற்றமில்லை என்பது அவருடைய தீர்ப்பு. துப்பினாலும் நாக்குக் குடித்தது குடித்ததுதான் என்றார் றெனோல்ட்.

அதனால் நாக்கு அக்னெஸினுடையதானது.

அக்னெஸ் றெனோல்டின் மனைவி. சிறுபிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு கார்டெரியில் நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிறார். சூப்புக்கு உப்புப் போதாதென்று மூடியைத் திறந்த ஆவியிலேயே சொல்லிவிடுவார். பியர் குடிக்காதவர், அதனால் அதை விடுவது தபசில் சேராது. அந்த வருடம் அவர் விட்டது தொலைக்காட்சித் தொடர்கள். ஒரு மேசைக்கரண்டி பியரை விழுங்குவது தனக்கு இன்னொரு தபசு என்று சொல்லிக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார்.

மார்ச் முதலாம் திகதி பியர் அடுப்பேறியது. பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்கு வெப்பக் கட்டுப்பாடு பூட்டி, பத்துப் பாகையில் குடத்தை உள்ளே வைத்தார். பதினைந்தாம் திகதி அளவுகோலை மிதக்கவிட்டுப் பார்த்தபோது, பியரை நொதிக்கவைக்கும் ஈஸ்ற் சீனி முழுவதையும் தின்று முடித்திருந்தது. இந்த இடத்தில்தான் றெனோல்ட் எப்போதும் ஒரு மிடறு குடிப்பார். லாகர் ஈஸ்ற் வேலை செய்யும்போது பியருக்குள் ஒரு வெண்ணெய் வாசத்தை விட்டுவைக்கும். சில தடவை தானே தின்று தீர்த்துவிடும். சில தடவை மிச்சம் வைக்கும். மிச்சம் இருந்தால் குடத்தை மூன்று நாள் சூட்டில் வைத்தால் ஈஸ்ற் மறுபடி எழும்பி அதையும் தின்னும். இல்லையென்றால் நேரே குளிருக்கு. இதைத் தீர்மானிப்பது நாக்கு. தேவையில்லாமல் சூடுகாட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை என்பது அவர் கருத்து.

அக்னெஸ் கரண்டியால் குடித்தார். கண்ணை மூடி, வாய்க்குள் சற்று வைத்திருந்து விழுங்கினார். றெனோல்ட் பட்டியல் எழுதி வைத்திருந்தார். புளிக்கிறதா, மருந்து மணக்கிறதா, ஈரக் கடதாசி மணக்கிறதா, வேறு ஏதாவது பழுதான மணம் வருகிறதா. ஒவ்வொன்றுக்கும் அக்னெஸ் இல்லை என்றார். குடிக்கக்கூடிய மாதிரி இருக்கிறது என்று கூடுதலாக ஒரு வார்த்தையும் சொன்னார். றெனோல்ட் கிளாசை மணந்து பார்த்தார். குளிர்ந்த பியர் எதையும் காட்டவில்லை. கொப்பியில் ‘பழுது: இல்லை - அக்னெஸ்’ என்று எழுதினார். அடியில் படிந்திருந்த ஈஸ்ற்றை ஒரு போத்தலில் எடுத்துக் குணரத்தினத்துக்கு ஒதுக்கினார். தெளிந்த பியரை இன்னொரு குடத்துக்கு மாற்றி, பெட்டியை இரண்டு பாகைக்கு இறக்கினார்.

அதன்பிறகு மூன்று கிழமை அவர் நிம்மதியாக இருந்தார்.

ஏப்ரல் ஆறாம் திகதி, ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு குணரத்தினம் வந்தார். கோடைக்கு என்னென்ன காய்ச்சுவது என்று இருவரும் பேஸ்மென்டில் நாட்காட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். குணரத்தினத்துக்கு மாம்பழ பியர் காய்ச்ச வேண்டும். தீவிலிருந்து லவாலுக்குப் போகிற படகைப் பார்த்தபடி ஆற்றங்கரையில் இருந்து குடிக்க வேண்டும். றெனோல்ட் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மாம்பழத்தைத் தின்னுங்கோ, பியரைக் குடியுங்கோ, இரண்டையும் ஏன் சேர்க்கிறீங்கள் என்று கேட்டார். றெனோல்ட் கொடுத்த ஈஸ்ற்றில் வியாழக்கிழமை தானும் ஒரு லாகர் போட்டதாகவும், நுரை கராஜ் கூரையைத் தொடப்போகிறதாகவும் குணரத்தினம் சொன்னார். வியாழன் போட்டது ஞாயிறில் பொங்குவதுதான் ஒழுங்கு என்று றெனோல்ட் தலையாட்டினார். ஜூன் இருபத்துநாலு, கியூபெக்காரரின் சென்-ஜோன் திருநாளுக்கு ஒரு கோதுமை பியர் என்று பென்சிலால் எழுதப்பட்டது. மாம்பழம் எழுதப்படவில்லை.

அப்போது அக்னெஸ் தேத்தண்ணியோடு இறங்கி வந்தார். உயிர்த்த ஞாயிறு மத்தியானத்துக்குச் சாப்பாட்டைத் தீர்மானித்துவிட்டாராம். குணரத்தினமும் பாலாம்பிகையும் வரவேண்டும்.

“நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் போடுறன். உங்கட பியருக்கும் அதுதான் பொருத்தம். அதிலையும் நல்ல நெய் மணம்தானே.”

றெனோல்ட் பென்சிலைக் கீழே வைத்தார். எந்தப் பியரில் என்று கேட்டார். இந்தப் பியரில்தான் என்றார் அக்னெஸ். அன்றைக்குக் கரண்டியில் குடித்ததில். உருக்கி இறக்கின நெய் மாதிரி, கடைசியில் வந்தது.

றெனோல்ட் எழும்பினார். பெட்டியைத் திறந்து, குடத்திலிருந்து இரண்டு சிறு கிளாசில் பியர் எடுத்தார். ஒன்றை மூடி மேசையில் வைத்தார், மற்றதை மூடி, ஒளிந்திருக்கும் மணம் வெளிவரச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தினார். இருபது நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குணரத்தினம் தேத்தண்ணியைச் சத்தமில்லாமல் குடித்தார். நேரம் முடிந்ததும் சூடான கிளாசின் மூடியை எடுத்து மணந்தார். இப்போது அவருக்கும் தெரிந்தது. பண்டிகை நாளில் எந்தச் சமையலறையிலும் வரவேற்கப்படும் மணம் அது. லாகரில் அது வந்தால் ஜொஸ்லின் முதல் மிடறோடு கிளாசைத் தள்ளிவைத்துவிடுவார்.

கொப்பியைத் திறந்து மார்ச் பதினைந்தைக் காட்டினார்.

“பழுது இல்லை எண்டனீர்.”

“நீங்கள் பழுது இருக்கோ எண்டுதானே கேட்டனீங்கள்,” என்றார் அக்னெஸ். “நெய் எப்பதொட்டுப் பழுது?”

குணரத்தினம் சிரிப்பை அடக்க முயன்று தேத்தண்ணியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். றெனோல்ட் தன் பட்டியலை மறுபடி வாசித்தார். நாலு கேள்வி. நாலும் கெட்ட மணங்கள். நல்ல மணத்தில் வரும் பிழையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வெண்ணெய் என்ற சொல்லை அவர் எழுதவே இல்லை. அது அவர் நாக்கு தானாகப் பார்த்துக்கொள்ளும் விஷயமாக இருந்தபடியால் எழுதத் தோன்றியிருக்கவில்லை. பிழை அக்னெஸினது இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அதை அக்னெஸிடம் சொல்லவும் செய்தார். அக்னெஸ் அதை ஒரு கடன் திரும்பியது போல ஏற்றுக்கொண்டார்.

மிஞ்சியிருப்பது பதின்மூன்று நாள். குளிரில் மூன்று கிழமை கிடந்த குடத்தில் ஈஸ்ற் ஏறக்குறைய இல்லை. சூடு காட்டினாலும் தின்ன ஆளில்லை.

“ஒரு சொட்டு வாயிலை விட்டுப் பார், உண்மையிலை எவ்வளவு இருக்கெண்டு,” என்றார் குணரத்தினம். “ஆர் பாக்கப்போகினம்?”

“நான் பாக்கிறன் அண்ணை,” என்றார் றெனோல்ட்.

பிறகு அவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை, குணரத்தினத்தைப் பார்த்தார். வியாழக்கிழமை போட்ட லாகர், அதே ஈஸ்ற், இன்று உச்ச நுரையில். அந்தப் பியரில் இரண்டு லீற்றர் எடுத்து இந்தக் குடத்தில் ஊற்றினால், பசியோடு இருக்கும் ஈஸ்ற் இங்கே வந்து மிச்சத்தைத் தின்னும். ஜேர்மன்காரர் நூறு வருடமாகச் செய்கிற வேலைதான். புத்தகத்தில் இருக்கிறது, ஓரத்தில் அவர் கையெழுத்தில் ‘தேவைப்படாது’ என்றும் இருக்கிறது.

இரண்டு லீற்றர்தானா என்று கேட்டார் குணரத்தினம். அதற்கு மாற்றாக மாம்பழத்தை நாட்காட்டியில் எழுதச் சொன்னார். றெனோல்ட் எழுதினார். ஜூலை பன்னிரண்டு. பென்சிலால்.

புறப்படுமுன் றெனோல்ட் ஒரு காரியம் செய்தார். அந்தக் குடத்திலிருந்து ஒரேயொரு போத்தலை நிரப்பி, காஸ் ஏற்றி, மூடி, ‘ஏப்ரல் 6, நெய்’ என்று சீட்டு ஒட்டிப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தார். திருத்தினது என்று சொல்வதற்குத் திருத்தாதது ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான்.

குணரத்தினத்தின் காரில் இல்-பிசார் போய், கொதிநீரில் கழுவிய போத்தலில் இரண்டு லீற்றரை எடுத்து, துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அன்று பின்னேரமே திரும்பினார்கள். றெனோல்ட் அதைக் குடத்தில் காற்றுப் புகாமல் ஊற்றி, பெட்டியைப் பதினேழு பாகைக்கு ஏற்றினார். செவ்வாய்க்கிழமை குடத்தின் கழுத்தில் மெல்லிய நுரை வளையம் ஒன்று வந்திருந்தது. வேலைக்குப் போகும் முன் அதை மூன்று தடவை பார்த்தார்.

இந்த முறை பட்டியல் இல்லை. கரண்டியைக் கொடுத்து, கொப்பியைத் திறந்து, “சொல்லும்” என்று மட்டும் சொன்னார். அக்னெஸ் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினார். புதன்: ‘உருக்கின நெய், அண்டையைவிடக் குறைவு.’ வெள்ளி: ‘நெய்ச்சோறு ஆறிப்போனாப்போலை.’ குருத்து ஞாயிறு, கையில் குருத்தோலைச் சிலுவையோடு கோவிலால் வந்த கையோடு: ‘நெய் இல்லை. பாண். விடியப்பறம் பேக்கரிப் பக்கத்தாலை போறமாதிரி.’ றெனோல்ட் அன்றைக்கும் சுடுநீரில் கிளாசை வைத்து மணந்தார். பாண்தான். குடத்தைக் குளிருக்கு இறக்கினார். பெரிய வியாழன் பூசை, பெரிய வெள்ளி சிலுவைப்பாதை, இரண்டு நாளும் கை வைக்க முடியாது. ஆகவே புதன்கிழமை வேலை முடிந்து வந்து சிறு பீப்பாய்க்கு மாற்றி, அழுத்தத்தில் காஸ் ஏற்றி விட்டுவிட்டார். சனி காலையில் ஆறு போத்தல் நிரப்பினார்.

அக்னெஸும் கூட வந்தார். றெனோல்ட் கேட்கவில்லை. அவரே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

ஆலையில் ஒரு நீண்ட மரமேசை. மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒரு பல்கலைக்கழக மாணவி, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், றெனோல்ட். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தொட்டிகள் நின்றன. ஜொஸ்லினின் வழக்கம், காய்ச்சியவரோடு சேர்ந்து குடித்து, அவர் வாயாலேயே அந்தப் பியரைப் பற்றிக் கேட்பது. மாணவி நன்றாகப் பேசினாள். தபால்காரர் அதிகம் பேசினார். றெனோல்டின் முறை வந்தபோது ஜொஸ்லின் இரண்டு கிளாஸ் ஊற்றி ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார். றெனோல்ட் அதைத் தொடவில்லை. நாளைவரைக்கும் குடிப்பதில்லை, தபசுகாலம் என்று பிரெஞ்சில் சொன்னார்.

தன் தாயும் தபசுகாலத்தில் சீனியை விடுகிறவர் என்றார் ஜொஸ்லின். ஆனால் சீனியை விட்டுவிட்டு அவர் கேக் விற்கப் புறப்படவில்லை. அப்படியென்றால் இதை யார் ருசி பார்த்தது?

றெனோல்ட் அக்னெஸைக் காட்டினார். ஜொஸ்லின் கிளாசை அக்னெஸ் முன் வைத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அக்னெஸுக்குக் கார்டெரியில் பிள்ளைகளோடு பேசப் போதுமான பிரெஞ்சு தெரியும், பியர் பற்றிப் பேசப் போதாது. ஒரு மிடறு குடித்துவிட்டுத் தமிழிலேயே சொன்னார்.

“முதல் நெய் மணத்தது. எனக்கு அது நல்லாயிருந்தது, இவருக்குப் பிழையாம். பேந்து சிநேகிதற்றை பியரை ஊத்தித் திருத்தினவர். இப்ப பாண் மணக்குது. கடைசியிலை ஒரு கசப்பு நாக்கிலை நிக்குது, அது எனக்குப் பிடிக்கேல்லை.”

ஜொஸ்லின் றெனோல்டைப் பார்த்தார், என்ன சொன்னார் என்று.

பாணையும் கசப்பையும் மட்டும் சொல்லியிருக்கலாம். மேசையில் இருந்த வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. பியரில் இப்போது நெய்யும் இல்லை. றெனோல்ட் நெய்யிலிருந்தே தொடங்கினார். அக்னெஸ் சொன்ன ஒழுங்கிலேயே, ‘எனக்கு நல்லாயிருந்தது’ என்பதையும் விடாமல், மொழிபெயர்த்தார். தபால்காரர் நாற்காலியில் சாய்ந்தார். தன் பியரின் பிழையைத் தானே மேசையில் வைக்கும் ஆளை அவர் அதுவரை கண்டிருக்கவில்லைப்போலும்.

ஜொஸ்லின் கிளாசைக் கைக்குள் வைத்துச் சூடாக்கி மணந்தார். குடித்தார். மறுபடி மணந்தார். எத்தனை பாகையில், எத்தனை நாள், எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்டார். றெனோல்ட் கொப்பியைத் திறந்து வைத்தார். ஜொஸ்லினுக்கு எண்கள் புரிந்தன, தமிழ் எழுத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். என் மனைவியின் சொற்கள் என்றார் றெனோல்ட். ஒவ்வொரு நாளையும் வாசித்துச் சொன்னார்.

“போன வருடம் என் ஆள் இதே மணத்தோடு ஆயிரம் லீற்றரை எனக்குச் சொல்லாமல் போத்தல்களில் அடைத்தான்,” என்றார் ஜொஸ்லின். “முழுவதையும் சாக்கடையில் ஊற்றினேன். கசப்பைக் கொஞ்சம் குறை. மே மாதம் முதலாம் சனி காலை ஆறு மணி. தொட்டிப் பக்கம் போட ரப்பர் சப்பாத்து நான் தருவேன்.”

றெனோல்ட் நன்றி சொன்னார். பிறகு, கசப்பைக் குறைக்க முடியாது, இந்த லாகருக்கு அந்தக் கசப்பு வேண்டும் என்றும் சொன்னார். ஜொஸ்லின் அக்னெஸைப் பார்த்தார். அக்னெஸ் தோளைக் குலுக்கினார். அது பற்றி ஆறு மணிக்குக் கதைக்கலாம் என்று முடிவானது.

மறுநாள் மத்தியானம், நெய்ச்சோற்றுக்கும் ஆட்டிறைச்சிக்கும் முன்னால், றெனோல்ட் நாற்பத்தாறு நாட்களுக்குப் பிறகு தன் பியரை முதல் தடவையாகக் குடித்தார். ஒரு மிடறு. வாய்க்குள் வைத்திருந்தார். விழுங்கினார். “பாண்,” என்றார். அக்னெஸ் தலையைக்கூட நிமிர்த்தாமல் பாலாம்பிகைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் கீழே போய் அடித்தட்டிலிருந்த சீட்டு ஒட்டிய போத்தலை எடுத்துவந்து, பிழை எப்படியிருக்கும் என்று காட்டுவதற்காக எல்லாருக்கும் கொஞ்சம் ஊற்றினார். தானும் குடித்தார். எந்தப் புத்தகத்தின்படியும் அது பிழைதான். அதை விளங்கப்படுத்தத் தொடங்கினார். குணரத்தினம் தன் கிளாசை முடித்து, போத்தலைத் தன் பக்கம் இழுத்து, மிச்சத்தையும் ஊற்றிக்கொண்டார்.

“எனக்கு இதுதான் வேணும், தம்பி. மாம்பழத்தை அழிச்சுப்போட்டு இதை எழுது.”

“நான் முதலே சொன்னனான், நல்லதெண்டு,” என்றார் அக்னெஸ்.

றெனோல்ட் இருவரையும் பார்த்தார். இறைச்சியும் சோறும் ஒரு வாய் சாப்பிட்டு, கிளாசின் அடியில் தங்கியிருந்த நெய் பியரைக் குடித்துப் பார்த்தார். எழும்பிப் பேஸ்மென்டுக்குப் போனார். ஜூலை பன்னிரண்டில் மாம்பழம் அப்படியே இருந்தது. சொன்னது சொன்னதுதான். மே முதலாம் சனிக்கு எதிரே ‘ஜொஸ்லின், காலை 6’ என்று பேனையால் எழுதினார். பிறகு, ஓகஸ்ற் கடைசிக் கிழமையில் வெறுமையாக இருந்த ஒரு கட்டத்தில், ‘நெய், 5 லீற்றர், குணரத்தினம் அண்ணைக்கு மட்டும்’ என்று பென்சிலால் எழுதினார்.